இரண்டு அணிக்கும் ஒரே முகமூடி

ஞாயிறு காலை ஆறரைக்கு
பசுமலை மைதானத்தில் தலை எண்ணினேன்.
நாங்கள் எட்டுப் பேர்.
சமயநல்லூர்க்காரர்கள் ஏழு,
அதில் ஒருவர் வேட்டியில்.
"டவுசர் வண்டிப் பெட்டிக்குள்ள கெடக்கு, இந்தா வந்துர்றேன்"
என்றார் குபேந்திரன்.

சாப்ட்பாலுக்கு ஒரு பக்கம் ஒன்பது வேண்டும்.
மாவட்டக் கோப்பை என்று
துணியில் எழுதிக் கட்டியாகிவிட்டது.
நடுவர் சாலமோன் விதிப்புத்தகத்தைத் திறக்கவில்லை.
"நீங்களே பேசிக்கிருங்கப்பு" என்றுவிட்டு
சுண்ணாம்புத் தூளோடு கோடு போடப் போனார்.

எட்டு அணிகள் ஆடிய காலத்தில்
நான் பதினாலாவது ஆள்.
தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
யாருக்காவது சுளுக்காதா என்று பார்த்திருப்பேன்.

மில் அணி மில்லோடு போயிற்று.
கப்பலூர்ப் பட்டறைக்காரர்களுக்கு ஞாயிறும் ஷிப்ட்.
திருமங்கலத்தில் எறிகிறவன் ஒருவன்தான் இருந்தான்,
அவன் மஸ்கட்டில் ஏசி மாட்டுகிறான்.
எறிய ஆளில்லாவிட்டால் மற்ற எட்டுப் பேரும்
வெயிலில் நிற்கும் எட்டுப் பேர், அவ்வளவே.
மீதிப் பேர் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டுக்குப் போனார்கள்.
அங்கே முதல் பரிசு பதினைந்தாயிரமும் ஒரு கிடாயும்.
எங்கள் கோப்பையோ
போன வருடம் ஜெயித்தவரிடம் வாங்கி
இந்த வருடம் ஜெயிப்பவருக்குக் கொடுப்பது.
முலாம் போய் அடியில் பித்தளை தெரிகிறது.

அவர்களுடைய முகமூடியில் கம்பி விட்டுப் போயிருந்தது.
கம்பியில்லாமல் குந்தினால் பல் மிஞ்சாது.
பந்தின் பெயரில்தான் மென்மை,
என் இடது ஆள்காட்டி விரலைக் கேளுங்கள்,
பன்னிரண்டு வருடமாக மடங்கவில்லை.
ஆக, இரண்டு பக்கத்துக்கும் நானே பிடிப்பது என்று முடிவாயிற்று.

எங்கள் ஒச்சப்பன் எறிவதைப் பார்த்திருக்கிறீர்களா?
கை முன்னால் கிளம்பி
தலைக்கு மேல் ஏறி
முதுகுப் பக்கம் இறங்கி
இடுப்போரம் விடும்.
நாற்பத்தாறு அடி.
மட்டைக்காரன் மூச்சு இழுப்பதற்குள்
என் உள்ளங்கை எரியும்.

அடுத்த பாதியில் அவர்கள் வீரணன் வந்தான்.
பத்தொன்பது வருடம் எதிரில் மட்டையோடு நின்று
என்னால் கண்டுபிடிக்க முடியாததை
அவனே குனிந்து காதில் சொன்னான்:
"ஒரு விரல் நேரா. ரெண்டு, கீழ விழுகும்.
மூணு காட்டுனா எந்திரிக்கும்."
சொல்லும்போது அவனுக்கும் கொஞ்சம் கூச்சம்.

நான் மட்டை பிடித்தபோது பின்னால் ஆளில்லை.
சாலமோன் ஒதுங்கிக்கொண்டார்.
விரல் காட்டவும் யாரும் இல்லை.
வீரணன் தனக்குத் தோன்றியதை எறிந்தான்.
எழும்பப் போகிறது என்று எனக்குத் தெரியும்.
எழும்பியது.
மூன்று முறையும் காற்றைத்தான் அடித்தேன்.
பந்து வலையில் விழுந்து உருண்டு வர,
நானே எடுத்துக் கொடுத்தேன்.

வேப்ப மரத்தடியில்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்
சடையை மடித்துக் கட்டி, கையுறையோடு,
எங்களுக்கு ஓவர் எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள்.
ஓவர் இல்லை பாப்பா, இன்னிங்ஸ் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர்களுக்குத் தெரியும்.
வேண்டுமென்றே கேட்கிறார்கள்.

மூன்றுக்கு ஒன்று.
மூன்று யாருக்கு என்பது
நோட்டைக் கூட்டிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.
இடப்பக்கமும் என் பெயர், வலப்பக்கமும் என் பெயர்.
குபேந்திரன் கோப்பையை வேட்டியில் சுற்றிப்
பெட்டிக்குள் திணித்தார்.
"அடுத்த வருசம் மறக்காமக் கொண்டாந்துருங்க" என்றேன்.
"கொண்டாந்து யார்ட்ட குடுக்க?" என்றார்.
கேலியில்லை. நிஜமாகவே கேட்டார்.

பதினாலு அரை இன்னிங்ஸ் குந்தியதில்
முழங்கால் நிமிரவில்லை.
எல்லோரும் வண்டியைக் கிளப்ப,
நான் மட்டும் தட்டுக்குப் பின்னால்
அப்படியே இருந்தேன்.
ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தான்.
தப்பாகப் புரிந்துகொண்டான் போல,
பந்தை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்து நின்றான்.

பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.
இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று கையைக் காட்டிவிட்டு
முகமூடியை இறக்கினேன்.